நடைவழி விளக்குகளைத் தளவாரியாகப் பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று தளங்கள் கொண்ட வீடு. நடைவழியில் தளத்துக்கு ஒரு விளக்கு, தளத்துக்கு ஒரு சுவிட்ச். ஆனால் எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் கீழிருந்து மேல்வரை மூன்று விளக்கும் ஒன்றாக எரியும், ஒன்றாக அணையும். நள்ளிரவில் ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் மூன்று தளத்திலும் கதவிடுக்கு வழியே வெளிச்சம் அடிக்கும். இதைப் பிரித்துவிட முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் சுவிட்ச் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எல்லா விளக்கும் ஏன் ஒன்றாகவே எரிகின்றன?

அப்படித்தான் இணைத்திருக்கிறார்கள், பழுது எதுவும் இல்லை. மூன்று விளக்குகளுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் வயர் ஒன்றே ஒன்று. அந்த ஒரே வயரை மூன்று இடத்திலிருந்து போடவும் அணைக்கவும் வசதியாகக் கீழ்த்தளத்தில் ஒரு டூ-வே சுவிட்ச், நடுத்தளத்தில் ஒரு இன்டர்மீடியட் சுவிட்ச், மேல்தளத்தில் இன்னொரு டூ-வே சுவிட்ச் வைத்திருப்பார்கள்.

டூ-வே சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கும். ஒன்று காமன். சுவிட்சைத் தட்டும்போது காமன் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றோடு சேரும். கீழ் சுவிட்சின் காமனுக்கு ஃபேஸ், அதாவது மின்சாரத்தைக் கொண்டுவரும் வயர், வரும். மேல் சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்கு வயர் போகும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வயர்கள் ஓடும். அவற்றை இங்கே இடைவயர்கள் என்று சொல்கிறேன். இன்டர்மீடியட் சுவிட்சுக்கு நான்கு முனைகள். அது அந்த இரண்டு இடைவயர்களையும் நேராகவோ குறுக்காகவோ இணைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. எத்தனை தளம் இருந்தாலும் இரண்டு முனையிலும் டூ-வே, நடுவில் உள்ளவை எல்லாம் இன்டர்மீடியட். அமெரிக்காவில் தயாரான சுவிட்ச் வாங்கினால் அட்டையில் இவற்றுக்கு த்ரீ-வே, ஃபோர்-வே என்று போட்டிருக்கும், பொருள் ஒன்றுதான்.

அப்படியானால் மூன்று சுவிட்சையும் கழற்றிவிட்டு சாதாரண ஒன்-வே சுவிட்ச் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. இந்த வேலையில் பலர் சறுக்குவது இங்கேதான். சுவிட்ச் பக்கம் என்ன மாற்றினாலும், விளக்குப் பக்கத்தில் மூன்றும் ஒரே வயரில் கோர்க்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கோர்வையை அறுத்தால்தான் விளக்குகள் பிரியும். அறுத்த பிறகு ஒவ்வொரு விளக்குக்கும் அதன் சுவிட்சிலிருந்து தனி வயர் வேண்டும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் நிலையான ஃபேஸும் வேண்டும், அதாவது வேறு எந்தச் சுவிட்சையும் தாண்டி வராத ஃபேஸ். சுவிட்சை மாற்றுவது பத்து நிமிட வேலை. வயருக்கு வழி பண்ணுவதுதான் உண்மையான வேலை.

எங்கிருந்து தொடங்குவது?

ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள், பென்சிலை எடுங்கள். ஒரு தாளில் விளக்குகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை எங்கிருந்து போட வேண்டும், எங்கிருந்து அணைக்க வேண்டும் என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் மனதுக்குள் அந்த வீட்டில் இருட்டில் ஒருமுறை நடந்து பாருங்கள். வாசலிலிருந்து மேல்தளத்துக்கு, அங்கிருந்து திரும்பக் கீழே.

இப்படி நடந்து பார்த்ததுமே பலருக்குத் திட்டம் மாறிவிடும். “அந்தந்தத் தளத்துக்கு அந்தந்தச் சுவிட்ச்” என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கீழே விளக்கைப் போட்டுவிட்டு மேலே ஏறியவர் அதை அணைக்க மறுபடி கீழே இறங்க வேண்டும். அல்லது கீழேயே அணைத்துவிட்டு இருட்டில் படி ஏற வேண்டும். யாரும் இறங்கமாட்டார்கள், எல்லோரும் இருட்டில்தான் ஏறுவார்கள். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் அது விழுந்து கால் உடைவதில் போய் முடியும்.

அதனால் என் கருத்து இதுதான்: நடைவழியைப் பிரியுங்கள், படிக்கட்டைப் பிரிக்காதீர்கள். ஒரு படிக்கட்டுக்கு வெளிச்சம் தருகிற விளக்கு, அந்தப் படிக்கட்டின் அடியிலிருந்தும் உச்சியிலிருந்தும் போடவும் அணைக்கவும் வேண்டும்.

படிக்கட்டுக்கென்று தனி விளக்கு இல்லை, நடைவழி விளக்குதான் படிக்கும் வெளிச்சம். அப்போது என்ன செய்வது?

மூன்று விளக்கை வைத்தே சமாளிக்கலாம். கீழ்த்தள விளக்குக்குக் கீழே மட்டும் சுவிட்ச். நடுத்தள விளக்குக்குக் கீழேயும் நடுவிலும். மேல்தள விளக்குக்கு நடுவிலும் மேலேயும். ஏறுகிறவர் தனக்கு மேலே உள்ள விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறுவார். ஏறி முடித்து அங்கேயே அணைப்பார் அல்லது அடுத்ததைப் போடுவார். இறங்குகிறவருக்கும் தலைக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கும், கீழே வந்து அணைத்துவிடலாம். கீழ்த்தளத்தில் இரண்டு சுவிட்ச், நடுத்தளத்தில் இரண்டு, மேல்தளத்தில் ஒன்று. ஒரு தளத்தில் விளக்கு எரிந்தால் மற்ற இரண்டு தளத்தில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

வயர் கணக்கு சொல்லுங்கள். எத்தனை புது வயர் இழுக்க வேண்டியிருக்கும்?

மேலே சொன்ன வழக்கமான அமைப்பையே எடுத்துக்கொள்வோம். ஃபேஸ் கீழ் சுவிட்சுக்கு வருகிறது. கீழிருந்து நடுவுக்கு இரண்டு இடைவயர், நடுவிலிருந்து மேலே இரண்டு இடைவயர். மேல் சுவிட்சின் காமனிலிருந்து மேல் விளக்குக்கு ஒரு வயர். அது அங்கிருந்து நடு விளக்குக்கும், பிறகு கீழ் விளக்குக்கும் இறங்குகிறது. நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், தனியாக மூன்று விளக்கையும் தொட்டுக்கொண்டு போகிறது.

முழுதாகப் பிரிக்க வேண்டுமானால், இடைவயர்களில் ஒன்றை நிலையான ஃபேஸாக்கி மேலே வரை அனுப்பலாம். கீழே ஃபேஸோடு சேர்த்துவிட்டு, நடுவில் சுவிட்சுக்கும் கொடுத்து மேலே தொடர விட வேண்டும். மேல் விளக்குக்கு ஏற்கனவே வயர் இருக்கிறது. விளக்குகளுக்கு நடுவே உள்ள கோர்வையை இரண்டு இடத்தில் பிரித்து முனைகளை மூட வேண்டும். மீதம் வேண்டியது நடு சுவிட்சிலிருந்து நடு விளக்குக்கு ஒன்று, கீழ் சுவிட்சிலிருந்து கீழ் விளக்குக்கு ஒன்று. ஆக இரண்டு புது வயர், மூன்று ஒன்-வே சுவிட்ச்.

படிக்கட்டு வசதியோடு பிரிக்கும் இரண்டாவது திட்டத்தில் இடைவயர்களை அப்படியே விட்டுவிடுகிறோம், ஏனென்றால் அவை இருவேறு டூ-வே ஜோடிகளுக்குப் பயன்படும். கீழ்–நடு ஜோடி நடு விளக்கைப் போடும். நடு–மேல் ஜோடி மேல் விளக்கைப் போடும். நடுவில் இருந்த இன்டர்மீடியட்டை எடுத்துவிட்டு இரண்டு டூ-வே வைக்கிறோம். முதல் திட்டத்தின் இரண்டு புது வயரும் இதற்கும் வேண்டும். கூடவே, நடுத்தளத்து இரண்டாவது சுவிட்சின் காமனுக்கு நிலையான ஃபேஸ் கீழிருந்து வர வேண்டும். ஆக மூன்று புது வயர். ஒரே ஒரு வயர் கூடுதலாக இழுத்தால் இருட்டில் படி ஏறுவது தப்புகிறது. எனக்கு அது மலிவாகத்தான் தெரிகிறது.

இது ஒரு அமைப்புக்கான கணக்கு. உங்கள் வீட்டில் ஃபேஸ் மேலே வந்து விளக்கு வயர் கீழே இறங்கலாம். எல்லாம் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் வந்து சேரலாம். கடைசி சுவிட்சின் காமனில் ஒரே முனைக்குள் மூன்று வயர் திருகியிருந்தால் அதிர்ஷ்டம்: மூன்றும் மூன்று விளக்குக்கு நேரே போகிறவையாக இருக்கலாம், அப்போது கூரையில் எதையும் அறுக்க வேண்டியிருக்காது.

என் வீட்டில் எந்த மாதிரி ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்சாரத்தை நிறுத்தி, சோதித்து உறுதி செய்துகொண்டு, எல்லா சுவிட்ச் பெட்டியையும் விளக்குப் பொருத்தியையும் திறந்து வைத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஒரு பெட்டியை மட்டும் பார்த்து மற்றதை ஊகிக்காதீர்கள். எதையும் கழற்றும் முன் ஒவ்வொரு பெட்டியையும் படம் எடுங்கள். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று வயரிலேயே சிறு டேப் ஒட்டி எழுதுங்கள். காமனில் இருந்த வயரைத் தவறாமல் குறியுங்கள். கழற்றிய பிறகு மூன்று வயரும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அப்புறம் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு தளத்தில் இரண்டு வயரைச் சேர்த்துப் பிடித்தால் அடுத்த தளத்தில் எந்த இரண்டு வயர் பீப் அடிக்கிறது என்று பார்க்கலாம். நீளம் போதாதென்றால் ஒரு தனி வயரை மாடிப்படி வழியாகவே இழுத்துக்கொள்ளுங்கள். பல்புகளைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பல்பு வழியாக மீட்டர் பொய் சொல்லும்.

வயரின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியாதா?

நிறம் ஒரு துப்பு, சாட்சி அல்ல. ஐரோப்பிய முறையில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். அமெரிக்காவில் கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். இந்தியாவிலும் பழைய பிரிட்டிஷ் வயரிங்கிலும் கறுப்பு நியூட்ரல். பிரிட்டன் 2004இல் புது நிறங்களுக்கு மாறத் தொடங்கியதால் அங்கே ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை நிறமும் இருக்கும். கறுப்பைப் பார்த்து நியூட்ரல் என்று நினைப்பதும் ஃபேஸ் என்று நினைப்பதும் எந்த ஊர் எலக்ட்ரீஷியன் எப்போது செய்தார் என்பதைப் பொறுத்தது.

சுவிட்ச் பெட்டிக்குள் நிலைமை இன்னும் மோசம். இரட்டை வயர் கேபிளை சுவிட்சுக்கு இறக்கும்போது அதில் ஒன்று நியூட்ரல் நிறத்தில்தான் இருக்கும். ஆனால் அது ஃபேஸையோ விளக்குக்குத் திரும்பும் மின்சாரத்தையோ சுமந்துகொண்டிருக்கும். மேலே ஃபேஸ் நிற டேப் சுற்றியிருக்க வேண்டும். பெரும்பாலும் சுற்றியிருக்காது.

காமன் முனை எது? நடுவில் இருப்பதுதானா?

பல சுவிட்சுகளில் நடுவில்தான் இருக்கும், எல்லாவற்றிலும் அல்ல. சிலவற்றில் எழுத்து பொறித்திருக்கும், சிலவற்றில் அந்த ஒரு திருகு மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் சுவிட்சை வயர்களிலிருந்து முழுதாகக் கழற்றி மீட்டரை வையுங்கள். சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றோடு தொடர்பு காட்டும் முனைதான் காமன்.

டெஸ்டர் ஸ்குரூ டிரைவர் எரியவில்லை. தொடலாமா?

தொடக் கூடாது. நியான் டெஸ்டர் எரியாததற்கு மின்சாரம் இல்லாததைத் தவிர வேறு காரணங்களும் உண்டு: டெஸ்டரே கெட்டிருக்கலாம், நீங்கள் ரப்பர் செருப்போடு மர ஏணியில் நின்றிருக்கலாம், பகல் வெளிச்சத்தில் அந்த மங்கல் தெரியாமல் போயிருக்கலாம். இரண்டு முனைகள் கொண்ட வோல்டேஜ் டெஸ்டரோ மல்டிமீட்டரோ வேண்டும். முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு நீங்கள் தொடப்போகும் இடத்தில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பாருங்கள். கடைசியில் மறுபடி அந்த முதல் இடத்தில். நடுவில் மீட்டர் செத்துப்போகவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று. டிஜிட்டல் மீட்டர் சில சமயம் எங்கும் இணைக்காத இடைவயரில் 30, 60, 80 வோல்ட் என்று காட்டும். பக்கத்தில் ஓடும் உயிருள்ள வயரிலிருந்து கசிந்து வரும் தூண்டல் அது. மீட்டரின் உள்தடை மிக அதிகமாக இருப்பதால் அந்தத் துளியையும் எண்ணாகக் காட்டிவிடுகிறது. இதைப் பார்த்து “பரவாயில்லை, தூண்டல்தான்” என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வீட்டு மெயினையே அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

நடைவழி சுவிட்ச் பெட்டியில் மெயினை அணைப்பதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. ஒரே பலகைக்குள் கீழ்த்தள சர்க்யூட்டும் மேல்தள சர்க்யூட்டும் சந்திக்கும் இடம் அது. ஒரு எம்சிபியை (ஒரு சர்க்யூட்டுக்கான தானியங்கிப் பாதுகாப்புச் சுவிட்ச்) அணைத்தால் ஒரு சுவிட்ச் மட்டும்தான் சாகும். பக்கத்தில் இருப்பது உயிரோடு இருக்கும்.

இதை நானே செய்யலாமா?

நிலையான வயரிங்கில் உரிமம் பெற்றவர் மட்டுமே கை வைக்கலாம் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. உங்கள் இடத்தில் எப்படி என்று முதலில் பாருங்கள். அனுமதி இருந்தாலும், டூ-வே சர்க்யூட்டை வரைபடம் பார்க்காமல் தாளில் போட்டுக்காட்ட முடியாதவர் இதைத் தொடக் கூடாது என்பேன். திட்டம் போடுவது, அட்டவணை எழுதுவது எல்லாம் நீங்களே செய்யலாம். அதை எலக்ட்ரீஷியன் கையில் கொடுத்தால் அவருக்கும் பாதி வேலை மிச்சம். “மாடிக்கு மாடி பிரித்துக் கொடுங்கள்” என்று வாயால் மட்டும் சொன்னால் அவர் தனக்கு எளிதானதைத்தான் செய்துவிட்டுப் போவார்.

பெட்டியைத் திறந்ததும் வயரின் மேலுறை தொட்டாலே உதிர்கிறது, துணி சுற்றிய பழைய வயர் தெரிகிறது, அலுமினியக் கம்பி தெரிகிறது என்றால் மூடிவைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பிரிப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுப் படிக்கட்டு என்றாலும் கை வைக்க வேண்டாம், அது உங்கள் ஒருவருடையது அல்ல.

பைப்பில் புது வயர் நுழைய மறுக்கிறது. சுவரை உடைக்காமல் வழி உண்டா?

முதலில், பைப் நிஜமாகவே நிறைந்திருக்கிறதா, அல்லது வளைவில் சிக்குகிறதா என்று பாருங்கள். பழைய வயர் ஒன்றையே இழுகயிறாக்கி, அதன் வாலில் புது வயர்கள் இரண்டையும் கட்டி இழுத்தால் பல இடங்களில் போய்விடும். முடிச்சை மெல்லியதாக டேப் சுற்றி, ஒருவர் தள்ள ஒருவர் இழுக்க வேண்டும்.

தளத்துக்குத் தளம் ஏறும் பைப்தான் அடைப்பு என்றால் இன்னொரு உபாயம் இருக்கிறது. விளக்குகளை இணைத்திருந்த பழைய கோர்வை வயரைப் பிரித்துவிட்டோம் அல்லவா? அது இப்போது சும்மா கிடக்கிறது, ஆனால் ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குப் போகிறது. கீழ் சுவிட்சிலிருந்து கீழ் விளக்குக்கு வயர் இழுக்கும்போதே இரண்டாக இழுத்து, இரண்டாவதை நிலையான ஃபேஸாக்கி இந்தப் பழைய துண்டோடு சேர்த்தால், ஃபேஸ் நடுத்தளக் கூரைக்கு வந்துவிடும். அங்கிருந்து நடு சுவிட்சுக்கு இறக்குவதற்கு, நடு விளக்கின் வயரை இழுக்கும்போது கூடவே ஒன்று. எல்லாம் ஒரே தளத்துக்குள் முடிகிற குட்டி இழுப்புகள்.

அதுவும் முடியாவிட்டால் ரேடியோவில் இயங்கும் ரிசீவர்களை நாடலாம். மூன்று விளக்குகளுக்கும் நிலையான ஃபேஸ் போகும்படி பழைய கோர்வையை அப்படியே விட்டு, சுவிட்சுகளைத் தாண்டி நேராக இணைத்துவிட்டு, ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் ஒரு சிறிய ரிலே (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) ரிசீவரை வைப்பது. சுவிட்ச் இருந்த இடத்தில் கம்பியில்லா சுவிட்ச் ஒட்டலாம். எந்தச் சுவிட்ச் எந்த விளக்கு என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். விளக்கு இருக்கும் இடத்தில் நியூட்ரல் எப்படியும் இருப்பதால், சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இல்லையே என்ற பிரச்சினையும் எழாது. குறை என்னவென்றால், கான்கிரீட் தளங்களைத் தாண்டி சிக்னல் எடுக்கிறதா என்று முன்பே சோதிக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது விளக்கு தானாக எரியுமா அணைந்தே இருக்குமா என்ற அமைப்பையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அதிகாலை மூன்று மணிக்கு மின்சாரம் வந்ததும் வீடே வெளிச்சமாகும்.

ஒரு வயர் குறைகிறது. பச்சை வயர் சும்மாதானே இருக்கிறது?

சும்மா இல்லை. அது எர்த். அதை ஃபேஸுக்கோ விளக்கு வயருக்கோ நியூட்ரலுக்கோ எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அதன்மேல் வேறு நிற டேப் சுற்றினாலும் கூடாது.

மேல்தள சர்க்யூட்டின் நியூட்ரல் பக்கத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

ஃபேஸ் எந்த எம்சிபியிலிருந்து வருகிறதோ, நியூட்ரலும் அதே சர்க்யூட்டுடையதாக இருக்க வேண்டும். படிக்கட்டு விளக்குகளில்தான் இந்த இரவல் நியூட்ரல் அதிகம் காணப்படும்; கீழ்த்தளத்து ஃபேஸ், மேல்தளத்து நியூட்ரல் என்று கலந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். விளக்கு ஒழுங்காக எரியும், அதனால் பல வருடம் யாருக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் யாரோ மேல்தள எம்சிபியை அணைத்துவிட்டு அங்குள்ள நியூட்ரல் இணைப்பைக் கழற்றுவார். கீழ்த்தள ஃபேஸ் விளக்கைத் தாண்டி வந்து அந்தக் கழற்றிய முனையில் முழு வோல்டேஜோடு காத்திருக்கும்.

சர்க்யூட்டுகளுக்குத் தனித்தனி ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள வீடுகளில் இது உடனே காட்டிக்கொடுத்துவிடும். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இல்லை என்று 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே அது விழுந்துவிடும். பிரித்து முடித்ததும் ஒரு குறிப்பிட்ட விளக்கைப் போட்டால் மட்டும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் முதலில் நியூட்ரலைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆர்சிசிபியைக் குறை சொல்லி அதை நீக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், விட்டுவிடாதீர்கள்.

தளத்துக்குத் தளம் தனி எம்சிபி வைக்க வேண்டுமா?

சுவிட்சைப் பிரிப்பதற்கு அது தேவையில்லை. 9 வாட் எல்இடி பல்பு 230 வோல்டில் எடுப்பது சுமார் 0.04 ஆம்பியர். மூன்று தளத்தையும் சேர்த்தாலும் 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது பொருட்டே இல்லை. ஒரு தளத்தில் பழுது வந்தால் எல்லாப் படியும் இருண்டுவிடக் கூடாது என்று விரும்பினால் மட்டும் யோசிக்கலாம்.

அப்படிப் பிரிக்கும்போது த்ரீ-ஃபேஸ் இணைப்புள்ள வீடு என்றால் கவனம். கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மேல்தளம் இன்னொரு ஃபேஸிலும் இருந்து, இரண்டும் ஒரே சுவிட்ச் பெட்டிக்குள் வந்தால், பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு நடுவே 230 வோல்ட் அல்ல, 400 வோல்ட் இருக்கும். நடைவழி விளக்குகள் அனைத்தையும் ஒரே ஃபேஸில் வைப்பது நல்லது.

பிரித்த பிறகும், வெளியே போகும்போது எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் அணைக்க வேண்டும் என்று தோன்றுகிறதே?

இரண்டும் வேண்டும் என்றால், எல்லா நடைவழி சுவிட்சுக்கும் ஃபேஸ் பிரிவதற்கு முன்னால் வாசலருகே ஒரு ஒன்-வே சுவிட்ச் வைக்கலாம். எளிது, மலிவு. ஆனால் யாராவது அதை அணைத்துவிட்டுப் போனால் வீட்டுக்குள் இருப்பவருக்கு எந்தச் சுவிட்சும் வேலை செய்யாது. ஆள் எப்போதும் இருக்கிற வீட்டுக்கு இது ஒத்துவராது.

புதிதாக வயரிங் செய்கிறவர்களுக்கு இம்பல்ஸ் ரிலே என்ற வழி இருக்கிறது. சுவிட்சுக்குப் பதில் அழுத்து பொத்தான்கள். ஒருமுறை அழுத்தினால் ரிலே போடும், மறுமுறை அழுத்தினால் அணைக்கும். எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் பொத்தான்களை இணையாகப் போட்டுக்கொள்ளலாம், இன்டர்மீடியட் தொல்லையே இல்லை. சில மாடல்களில் எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைக்கும் முனையும் உண்டு. ஏற்கனவே பூசி முடித்த சுவரில் இதற்காக மறுபடி வயர் இழுப்பது என் பார்வையில் வீண் செலவு.

எல்லாம் முடிந்தது. சுவிட்சை அணைத்தும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறதே?

முதலில் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரல் சுவிட்ச் வழியாகப் போகிறதா என்று சோதியுங்கள். அப்படியிருந்தால் விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கும், பல்பு மாற்றுகிறவருக்கு ஆபத்து. அது சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் சுவிட்சிலுள்ள சிறு இண்டிகேட்டர் விளக்கு. அது எரிவதற்கான துளி மின்சாரம் பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடிக்கு அதுவே மினுக்கப் போதும். இண்டிகேட்டரும் இல்லையென்றால் நீளமாக ஓடும் இடைவயர்களின் தூண்டல். முன்பு மூன்று பல்பு சேர்ந்து அந்தத் துளியைப் பங்கிட்டுக்கொண்டதால் தெரியவில்லை, இப்போது ஒரே பல்பு என்பதால் தெரிகிறது. வேறு பல்பு போட்டாலே பல சமயம் போய்விடும். போகாவிட்டால் விளக்குக்கு இணையாக வைப்பதற்கென்றே சிறு கெபாசிட்டர் கிடைக்கிறது.

வேறு என்னென்ன கோளாறு வரலாம்? எதைப் பார்த்து எதைக் கண்டுபிடிப்பது?

மேல் சுவிட்ச் ஒரு குறிப்பிட்ட பக்கம் இருந்தால் மட்டும் கீழ் சுவிட்ச் வேலை செய்கிறது என்றால், ஏதோ ஒரு டூ-வேயில் காமன் வயரும் இடைவயரும் இடம் மாறியிருக்கின்றன. பெரும்பாலும் இதுதான்.

இரண்டு தளத்து விளக்கு இன்னும் சேர்ந்தே எரிந்தால் கூரையில் ஒரு கோர்வை பிரிபடாமல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மங்கலாக எரிந்தால் அல்லது துடித்தால், ஒன்றின் நியூட்ரல் அறுந்து, அது இன்னொன்றின் வழியாகத் தொடரில் போகிறது. கோர்வையைப் பிரிக்கும்போது ஃபேஸ் வயரோடு நியூட்ரலையும் சேர்த்து வெட்டிவிட்டு, முனைகளை மாற்றிச் சேர்த்தால் இப்படி ஆகலாம்.

சுவிட்சைத் தட்டியதும் எம்சிபி விழுந்தால், ஒரு டூ-வேயின் இரு முனைகளில் ஒன்றுக்கு ஃபேஸும் மற்றதற்கு நியூட்ரலும் வந்திருக்கிறதா பாருங்கள். மிகப் பழைய வீடுகளில் வேண்டுமென்றே அப்படிச் செய்த ஒரு முறை உண்டு, கார்ட்டர் முறை என்பார்கள். வயர் மிச்சம், ஆனால் விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரின் இரண்டு பக்கமும் ஃபேஸ் நிற்கக்கூடும். அமெரிக்க மின் விதிகள் 1923இலேயே அதைத் தடை செய்தன. அதைக் கண்டால் அதன்மேல் எதையும் கட்டாமல் முழுதாக அகற்றுங்கள்.

டூ-வே ஜோடி ஒவ்வொன்றையும் நான்கு நிலையிலும் தட்டிப் பாருங்கள்: இரண்டும் மேலே, இரண்டும் கீழே, ஒன்று மேலே ஒன்று கீழே, அதன் மறுதலை. இரண்டு நிலையில் எரிந்து இரண்டில் அணைய வேண்டும். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

டிம்மர் வைக்கலாமா?

டூ-வே ஜோடியில் ஒரு முனையில் மட்டும், அதுவும் டூ-வேக்கு உகந்தது, எல்இடிக்கு உகந்தது என்று குறித்திருந்தால். மறுமுனையில் சாதாரண டூ-வே சுவிட்சே இருக்கட்டும்.

மீந்துபோன பழைய வயர்களை என்ன செய்வது?

வெட்டி எறியாதீர்கள், சுவருக்குள் இருக்கும் வயருக்கு மதிப்பு உண்டு. இரண்டு முனையையும் கனெக்டருக்குள் செருகி, எங்கிருந்து எங்கே போகிறது என்று டேப்பில் எழுதி, பெட்டிக்குள் மடித்து வையுங்கள். வெறும் டேப் மட்டும் சுற்றி விட்டால் சில கோடை கடந்ததும் பசை இளகிக் கழன்றுவிடும். கழற்றிய இன்டர்மீடியட்டையே ஒன்-வேயாகப் பயன்படுத்தலாமா என்றும் சிலர் கேட்பார்கள். வேலை செய்யும், ஆனால் அடுத்த தடவை அந்தப் பெட்டியைத் திறக்கிறவர் நான்கு முனையைப் பார்த்துவிட்டு இல்லாத வயர்களைத் தேடிக்கொண்டிருப்பார். புது ஒன்-வே ஒன்றே போட்டுவிடுங்கள். திருத்திய வரைபடத்தின் ஒரு பிரதியை டிபி பாக்ஸ் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டிவைக்கவும்.